சிறு கல், பெரிய சாட்சி
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இங்கு படித்து, பின்னர் இங்கேயே வரலாறு படிப்பித்தவள் நான். இன்று ஒரு பாடம் மட்டும் எடுக்க அனுமதி தாருங்கள்.

1937 அளவில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய் வாங்கினார். அங்கு கிடைத்த கல்லொன்றில் ஓர் ஆணின் உருவம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. அது உரோமப் பேரரசர் ஒகஸ்தஸ் என்றார் அவர். அதே ஊரின் வேறொரு கல்லில், உரோமரின் மன்மதனாகிய கியூப்பிட் ஒரு பறவையுடன் நிற்கிறான். கேரளத்துப் பட்டணம் அகழ்விலோ அதிர்ஷ்ட தேவதை பொர்ச்சூனா கிடைத்தாள்.

இவை வெறும் அலங்காரமல்ல. மோதிரத்தில் பதித்து, கடிதத்தை மூடிய மெழுகில் அழுத்துவார்கள். குழிவாக வெட்டிய தெய்வம் மெழுகில் புடைத்து எழும். அதுவே அவர்களுடைய கையெழுத்து. செதுக்கிய சார்டோனிக்ஸ் கல்லில் மெழுகு ஒட்டாது என்று பிளினி எழுதினார். ஒகஸ்தஸ் முதலில் பெண்தலைச் சிங்கமாகிய ஸ்பிங்ஸையும், அடுத்து அலெக்சாந்தரையும், கடைசியில் தியொஸ்கூரிதெஸ் செதுக்கிய தன் முகத்தையும் முத்திரையாகக் கொண்டார்.

இந்தக் கடல்வழி நமக்கும் அந்நியமல்ல. இலங்கைத் தூதுவர் உரோமுக்குச் சென்றதை எழுதியவரும் பிளினியே. நமக்கு அயலிலுள்ள மாந்தைத் துறைமுகத்தில் 1980இல் தொடங்கிய அகழ்வு, 1984இல் போரால் நின்றது. பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பிராமி எழுத்துப் பொறித்த மட்கல ஓடுகளைக் கண்டெடுத்தார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். ஒருநாள் மாணவி ஒருத்தி, வீட்டில் கிணறு வெட்டியபோது வந்த சிவப்பு மணியொன்றைக் கொண்டுவந்து, "ரீச்சர், இது என்ன?" என்று கேட்டாள். "வடிவாய் இருக்கு பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பிறகு இடம்பெயர்வு வந்தது. அவள் ஒரு திசை, நான் ஒரு திசை. மணி எங்கேயோ!

கிடந்த இடம் தெரியாத கல் பாதி ஊமை. அடையாள அட்டையும் உறுதியும் இல்லாமல் வரிசையில் நின்ற நமக்கு, சான்று தொலைவதென்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வளவிலோ வயலிலோ மணி, காசு, எழுத்துள்ள ஓடு ஏதும் வந்தால் கழுவாதீர்கள், விற்காதீர்கள். கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தையும் திகதியையும் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் யாழ். பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கும் அறிவியுங்கள்.

அந்தப் பிள்ளை இந்த மலரை எங்கிருந்தாவது வாசித்தால், ரீச்சர் இப்போது பென்சிலோடு காத்திருக்கிறேன் என்று அறியட்டும்.