கழிவுத் தொட்டியைத் திறப்பது யார்?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் முழங்கிய இம்மேடையில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் முன்வரிசையில் சிலர் முகஞ் சுளித்ததைக் கண்டோம். குற்றமில்லை. வீட்டைப் பற்றிப் பேசுகையில் வாயிலையும் கூடத்தையும் பூசை அறையையும் பேசுகிறோம். மண்ணுக்கடியில் கிடக்கும் கழிவுத் தொட்டியை எவரும் பேசுவதில்லை. அது நிறைந்து முற்றத்தில் வழிகின்ற அன்றுதான், அதற்கும் ஒரு மூடி உண்டென்பது நம் நினைவுக்கு வருகிறது.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் நெருங்கி வாழ்ந்த நம் குடும்பங்களுள் பல, இன்று புறநகரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியுள்ளன. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் ஊர் வளர்ந்த வேகத்திற்குப் பாதாளச் சாக்கடை வளரவில்லை. பெங்களூருக்கெனக் குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது 1964ஆம் ஆண்டில். காவிரியின் முதற்கட்ட நீர் வந்தது 1974இல். 2007இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் 110 சிற்றூர்களும் மாநகரோடு இணைக்கப்பட்டபோது, பெயர் மாநகராயிற்று. குழாய் மட்டும் உடனே வந்து சேரவில்லை. குழாய் எட்டாத இடங்களில் செப்டிக் டாங்கும் உறிஞ்சு குழியுமே துணை.

அமெரிக்க நாட்டில் வீட்டையே வண்டியின்மேல் ஏற்றிக்கொண்டு காடு மலை சுற்றும் வழக்கம் உண்டு. நம் பிள்ளைகள் சிலரும் அங்கே அவ்வாறு விடுமுறை கழிக்கின்றனர். அவ்வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள்: மலக்கழிவுக்கு ஒன்று, குளித்த நீருக்கு ஒன்று. குழாய் இணைப்பில்லாத இடத்தில் தங்கினால், தொட்டி நிறையுமுன் அதற்கென அமைந்த இடத்திற்கு ஓட்டிச் சென்று, மலத்தொட்டியை முதலில் திறந்து, பின்னர் குளியல் நீரைத் திறந்து, அந்நீராலேயே குழாயைக் கழுவிவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் வீட்டுத் தலைவரே கையுறை மாட்டிக்கொண்டு செய்கிறார். இங்கே நம் வீட்டுத் தலைவர் என்ன செய்கிறார்? ‘ஆள் ஒருவனைக் கூப்பிடு’ என்கிறார். அந்த ‘ஆள்’ யார் என்பதே நம் பேச்சின் பொருள்.

தொட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் காண்போம். உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் சேறாகப் படிகிறது. நெய்ப்பசையும் நுரையும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையே தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குச் செல்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றைத் தின்று குறைக்கின்றன. வாரந்தோறும் பினாயிலையும் அமிலத்தையும் ஊற்றும் இல்லங்கள் அந்நுண்ணுயிர்களையே கொன்றுவிடுகின்றன. முழுதும் குறைவதில்லையாதலின், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை எடுத்தல் வேண்டும். பத்தாண்டு விட்டுவிட்டால் அது களிமண்போல் இறுகிவிடும். இறுகிய பின்னரே மனிதனை உள்ளே இறக்கும் எண்ணம் எழுகிறது.

அந்நுண்ணுயிர்களின் வேலையால் வாயுக்களும் பிறக்கின்றன. ஒன்று மீத்தேன், தீப்பற்றுவது. மற்றொன்று ஹைட்ரஜன் சல்பைடு. சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்துவிட்டாலோ மோப்ப உணர்வையே அடக்கிவிடும். ‘நாற்றமில்லை, இறங்கலாம்’ என்று எண்ணியவர் மீளாமற் போவதன் காரணம் இதுவே. காற்றினும் கனமான அது தொட்டியின் அடியில் தங்கி நிற்கும். மேலும், அங்கே உயிர்க்காற்றும் குறைவு. மயங்கி விழுந்தவரைத் தூக்க ஓடி இறங்கும் தம்பியும் மைத்துனனும் அடுத்தடுத்து மாள்வது, செய்தித்தாள் படிப்போர் அறிந்த கொடுமை.

இக்கொடுமைக்கும் நமக்கும் உள்ள தொடர்பை எங்கோ தேடவேண்டுவதில்லை. நம்மவர் உழைப்பால் எழுந்த கோலார் தங்கவயலில், பொன் எடுக்க உலகத்துப் பொறிகளெல்லாம் வந்தன. எடுப்புக் கக்கூசைத் துடைக்க மட்டும் மனிதர் கையே போதுமென விடப்பட்டது. அங்கே அத்தொழிலில் தள்ளப்பட்ட குடும்பமொன்றில் 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவரும் தோழர்களும் தொடங்கிய சபாயி கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2016இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அவ்வூரிலிருந்து எழுந்த வழக்கோ நாடு முழுவதற்கும் பயன் தந்தது.

1993இல் ஒரு சட்டம் வந்தது; போதவில்லை. 2013இல் வந்த சட்டம் செப்டிக் டாங்கிலும் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கிற்று. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் வரை தண்டம், அல்லது இரண்டும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் எனவும், 2023இல் 30 இலட்சம் எனவும் உச்சநீதிமன்றம் இழப்பீடு வகுத்தது. குற்றம் மாநகராட்சிக்கு மட்டுமன்று. ஆளை அமர்த்தும் எவருக்கும் உரியது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரும், அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் அதில் அடங்குவர். இதைச் சொல்லும்போது அவையில் சிலர் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறோம்!

சரி, மாற்று வழி என்ன? உறிஞ்சு வண்டி. பெங்களூரில் இதனை ‘ஹனி சக்கர்’ என்கிறார்கள். தேனுக்கும் இதற்கும் என்ன உறவோ, பெயரிட்டவர் நகைச்சுவை மிக்கவராக இருந்திருக்கவேண்டும்! வண்டித் தொட்டியிலுள்ள காற்றைப் பம்பு வெளியேற்ற, வெளிக்காற்றின் அழுத்தம் சேற்றைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. இங்கே ஓர் உள்ளூர்ச் செய்தி: நம் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கு மிகுந்த உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் சென்னையினும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. தூய நீரைக்கூடக் கணக்குப்படி 9 மீட்டருக்குச் சற்று மேல்தான் உறிஞ்சி ஏற்ற இயலும். சேறாயின் இன்னும் குறையும். ஆழக் குழி தோண்டிவிட்டுப் பல்லாண்டு மறந்திருப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இறுகிய சேற்றை நீர் பீய்ச்சிக் கரைத்தபின் உறிஞ்சவேண்டும். அதற்கும் ஆள் இறங்கவேண்டுவதில்லை.

வண்டி எடுத்துச் சென்றது எங்கே போகிறது? சில வண்டிகள் ஏரிக்கரையிலோ ஓடையிலோ இரவில் திறந்துவிட்டு மறைந்துவிடும். சில உழவர்கள் தென்னைக்கும் வாழைக்கும் அதனை விரும்பிப் பெற்றனர். பல மாதம் காயவைத்துப் பயன்படுத்தியோர் அறிந்தவர். பச்சையாக இறைத்தோர் குடற்புழுவின் முட்டைகளையும் சேர்த்தே இறைத்தனர். நல்வழிக்குச் சான்று நம் வானூர்தி நிலையத்தின் அருகிலேயே உண்டு. பாதாளச் சாக்கடையில்லாத தேவனஹள்ளி நகரில், 2015இல் இத்தகைய சேற்றைத் தூய்மை செய்யும் நிலையம் எழுந்தது. அதன் அளவு நாளொன்றுக்கு 6,000 லிட்டர். சேற்றைப் புளிக்கவைத்து, மணற்படுகையில் காயவைத்து, ஊர்க் குப்பையில் மக்குவதோடு கலந்து உரமாக்குகிறார்கள். மக்கும்போது எழும் சூடே கிருமியைக் கொல்கிறது. தமிழ்நாட்டிலும் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017இல் இத்தகைய நிலையம் தொடங்கிற்று.

ஆதலின், வண்டியை அழைக்கும் அன்பர்கள் கூலி பேசுவதோடு நில்லாமல், ‘எங்கே கொட்டுவீர்?’ என்றும் கேளுங்கள். புதுவீடு கட்டுவோர் மூடியின்மேல் ஓடு பதித்து அழகு பார்க்கவேண்டா. வண்டியின் குழாய் தெருவிலிருந்து எட்டும் தொலைவில் தொட்டியை அமைக்குமாறு கொத்தனாரிடம் இன்றே சொல்லுங்கள். எடுத்த நாளைச் சுவரில் எழுதிவைத்தால், அடுத்த முறை எப்போது என்பதைப் பேரப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்.