மானெக்‌ஷாவின் இரண்டு பாக்கிகள்



ஜூன் 27, ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் நினைவு நாள். 1942-இல் பர்மாப் போர்முனையில் உடம்பில் குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தவர். 1971 போரின்போது நம் தரைப்படைத் தளபதி.

அவரிடம் ஜேம்ஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது, உடன் பணியாற்றிய யாஹ்யா கான் அதை 1,000 ரூபாய்க்குப் பேசி வாங்கிக்கொண்டு பாகிஸ்தான் போனார். பணம் வரவில்லை. பின்னாளில் அவரே அந்நாட்டு அதிபரானார். வங்கதேசம் பிரிந்ததும், யாஹ்யா பாதி நாட்டைக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டார் என்று மானெக்‌ஷா வேடிக்கையாகச் சொல்வாராம்.

இன்னொரு பாக்கி வேடிக்கையானதல்ல. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது. ஆயுள் முழுக்கச் சம்பளம் உண்டு. 1973-இல் பணியை விட்டுக் குன்னூரில் குடியேறிய அவருக்கு, ஒரு கோடி ரூபாய்க்கு மேலான அந்த நிலுவை 2007-இல்தான் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 94 வயதில் காலமானார்.

அவருக்கே அந்த நிலை என்றால், சாதாரண சிப்பாய்க்கு? ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ராணுவ பென்ஷன் 'ஸ்பர்ஷ்' இணையதளத்துக்கு மாறியபின், செல்போன் பழகாத பெரியவர்களும் கணவரை இழந்த தாய்மார்களும் தடுமாறுகிறார்கள். வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: உங்கள் தெருவில் அப்படி யாரேனும் இருந்தால், ஆதார் அட்டையோடும் பென்ஷன் ஆணையோடும் பொதுச் சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள்.