ஒருவர் பெயர், பலர் உழைப்பு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் கல்வியைப் பற்றித்தானே பேச வேண்டும், இந்த வாத்தியார் காற்பந்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். சாயங்காலமானால் புத்தகப் பையை வீசிவிட்டுத் திடலுக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்குப் பந்தைக் காட்டிச் சொன்னால்தான் மனத்தில் பதியும்.

இங்கிலாந்தில் எஃப்.ஏ. கிண்ணம் என்பது மிகப் பழைய போட்டி. அந்நாட்டின் பெரிய குழுக்களும் சிறிய குழுக்களும் அதில் மோதும். 1953-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், லண்டன் வெம்பிளி அரங்கில் இறுதியாட்டம். பிளாக்பூல் ஒரு பக்கம். போல்ட்டன் வாண்டரர்ஸ் மறுபக்கம். கூட்டமோ ஒரு லட்சம். முடிசூட்டு விழாவுக்கு ஒரு மாதமே இருந்த எலிசபெத் மகாராணியாரும் வந்திருந்தார்.

பிளாக்பூலின் வலப்புற ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸ். முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். வயது 38. ஏற்கெனவே 1948, 1951 இறுதியாட்டங்களில் தோற்றுத் திரும்பியவர். இந்த முறையாவது அவருக்குக் கிண்ணம் கிடைக்காதா என்று பலரும் ஏங்கினார்கள்.

கிடைக்காது போலத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் ஆவதற்குள் போல்ட்டனின் லாஃப்ட்ஹவுஸ் கோல் போட்டுவிட்டார். ஆட்டம் முடிய ஏறக்குறைய 22 நிமிடமே இருந்தபோது போல்ட்டன் 3, பிளாக்பூல் 1. மேத்யூஸ் மனம் தளரவில்லை. வலப்புறக் கோட்டோரமாக மறுபடியும் மறுபடியும் பந்தைக் கொண்டுபோய் நடுவே அனுப்பினார். மோர்ட்டென்சன் ஒரு கோல் போட்டார். கடைசி நேரத்தில் இன்னொரு கோல் போட்டுச் சமமாக்கினார். 90 நிமிடமும் கடந்த பிறகு மேத்யூஸ் கொடுத்த பந்தைப் பில் பெரி வலைக்குள் தள்ளினார். பிளாக்பூல் 4, போல்ட்டன் 3!

அந்த ஆட்டத்துக்கு உலகம் வைத்த பெயர் 'மேத்யூஸ் இறுதியாட்டம்'. ஆனால் பிள்ளைகளே, கணக்குப் போட்டுப் பாருங்கள். மேத்யூஸ் அன்று ஒரு கோல்கூடப் போடவில்லை! மூன்று கோல் மோர்ட்டென்சனுடையது, ஒன்று பெரியுடையது. மேத்யூஸ்கூட, பெருமை மோர்ட்டென்சனுக்கே சேர வேண்டும் என்றுதான் சொன்னார். பெரிய மனிதருக்கு அதுதான் அழகு.

தோற்ற குழுவிலும் ஒருவரை நாம் பார்க்க வேண்டும். அவர் எரிக் பெல். முதல் பாதியிலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டது. இன்றுபோல் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. 'நான் வெளியே போனால் பத்துப் பேர்தானே ஆட வேண்டும்' என்ற நிலை. நொண்டிக்கொண்டே திடலில் நின்றார். போல்ட்டனின் மூன்றாவது கோலை எகிறித் தலையால் முட்டிப் போட்டவர் அவர்தான்! கிண்ணம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கோல் கோல் இல்லை என்று ஆகிவிடுமா?

பரிசு வாங்கப்போகும் செல்வங்களே, இன்று ஒலிபெருக்கியில் உங்கள் பெயர்தான் கேட்கும். ஆனால் உங்களுக்குப் பந்தைக் கொடுத்தவர் யார்? விடியுமுன் எழுந்து சோறு கட்டிவைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போன அம்மாவா? வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அக்காவா? வீட்டுக்குப் போனதும் பரிசை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

பெற்றோர்களே, பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி தங்கையைக் குளிப்பாட்டிவிட்டு, காய்ச்சலில் படுத்த பாட்டிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அப்புறம் பள்ளிக்கு ஓடிவந்து ஐம்பது புள்ளி எடுக்கிற பிள்ளை உண்டு. அந்த ஐம்பது, எரிக் பெல் போட்ட கோல். 'அடுத்த வீட்டுப் பையன் தொண்ணூறு வாங்கியிருக்கான், நீ என்னத்தைக் கிழிச்சே?' என்று இன்றிரவு தயவுசெய்து கேட்காதீர்கள். 'இந்தப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவும் கட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் ஆட்டம் இன்னும் முடியவில்லை.

பரிசு பெறுவோரை வாழ்த்துகிறேன். நொண்டிக்கொண்டும் திடலை விட்டுப் போகாத பிள்ளைகளைக் கைகூப்பி வணங்குகிறேன்.