பிறந்த ஊரும் போற்றும் நாடும்

(நம் அறநிறுவனத்தின் ஆண்டு விழாவில், டுரியான் துங்கால் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்று பேசியவன் நான். மணி அடித்தால் நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆகவே அன்பர்கள் அஞ்ச வேண்டாம்.

"பிறந்த ஊரும் போற்றும் நாடும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் பிறந்த ஊர் மலாக்கா. நான் போற்றும் வெளிநாடு இந்தியா. இந்தியாவை வெளிநாடு என்று சொன்னதும் சிலருக்கு மனம் நெருடலாம். ஆனால் சென்னை விமான நிலையத்தில் நாம் எல்லோரும் கடப்பிதழோடு நிற்பது வெளிநாட்டவர் வரிசையில்தானே! பணி ஓய்வுக்குப் பிறகு தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு பெரியவர், "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றார். "மலாக்கா" என்றேன். "அது சரிங்க, சொந்த ஊரு எது?" என்றார். "அதுதாங்க சொந்த ஊரு. எங்க தாத்தாவுக்குத்தான் சேலம் பக்கம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே திருநீறு கொடுத்தார். எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிறந்த ஊரிடம் பாசம் வைக்கிறோம். போற்றும் நாட்டிடம் பாடம் கேட்கிறோம். இரண்டுக்கும் மனத்தில் இடம் உண்டு.

மலாக்காவின் பெருமை

மலாக்காவின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1511ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே இங்கே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். 1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாகப் போனது. 2008ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்காவை உலக மரபுடைமை நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. நம் டுரியான் துங்கால் மட்டும் சளைத்ததா? மலாக்கா மாநிலம் குடிக்கும் நீரில் நம் அணைக்கட்டுக்கும் பங்கு உண்டு. 1991ஆம் ஆண்டு வறட்சியில் அந்த அணை வற்றியபோது, வாளியோடு வரிசையில் நின்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

ஆயினும் மலாக்காவில் என் மனம் அதிகம் நிற்கும் இடம் ஜாலான் துக்காங் எமாஸ் சாலையில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். பக்கத்திலேயே 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். சற்றுத் தள்ளி, நாட்டின் மிகப் பழைய சீனக் கோயிலான செங் ஹூன் தெங். மூன்று சமயத்தாரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தெருக்காற்றைச் சுவாசித்து வருகிறார்கள்.

அந்த விநாயகர் ஆலயம் 1781ஆம் ஆண்டு எழுந்தது. மலாக்கா செட்டிகளின் தலைவராக இருந்த தைவநாயகம் செட்டி, டச்சு ஆட்சியாளரிடம் நிலம் பெற்றுக் கட்டினார். மலாக்கா செட்டிகளை நீங்கள் அறிவீர்கள். காஜா பேராங்கில் உள்ள அவர்கள் கிராமத்தில் வீட்டு மொழி மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். தமிழ் அவர்கள் நாவை விட்டுப் போய் வெகு காலம் ஆயிற்று. என்றாலும் நெற்றியில் திருநீறு போகவில்லை. பொங்கல் போகவில்லை. முன்னோருக்குப் படைக்கும் "பார்ச்சு" போகவில்லை. விநாயகரும் போகவில்லை. மாசி மகத்தன்று அந்த ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்குப் புறப்படும் ஊர்வலத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழும். மொழி கரைந்துபோன ஒரு சிறிய சமூகத்தால் ஒரு கோயிலை எப்படிக் காப்பாற்ற முடிந்தது?

பக்தி முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பக்தியோடு இன்னொன்றும் இருந்தது. அந்த நிலம் முறையாகக் கேட்டுப் பெற்ற நிலம். யார் பெற்றார், எந்த ஆண்டு பெற்றார் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

தோட்டத்துக் கோயில்

இப்போது நம் தோட்டங்களுக்கு வருகிறேன். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய முதல் மண் மலாக்கா மண்தான். 1896ஆம் ஆண்டு வாக்கில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கிவைத்தார். அதன்பின் காடு தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு நம்மவர் வந்தார்கள். நம்மவர் வந்த இடத்தில் மாரியம்மன் வந்தாள்.

நான் பிறந்த தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். செக்ரோலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே கிராணியார் குறி போடுவார். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தார் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சம்பள நாளில் கோயிலுக்கென்று ஒரு தொகை பிடிப்பார்கள். அந்தக் காசில்தான் திருவிழா நடந்தது, கோபுரத்துக்கு வர்ணம் பூசப்பட்டது, மணி வாங்கப்பட்டது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கோயிலில் ஓர் ஏடும் இல்லை. பால் கணக்கு தோட்டத்துக்கு இருந்தது. கோயிலுக்குக் கணக்கு இல்லை.

1980களில் தோட்டம் கைமாறியது. புதிய உரிமையாளர் கேட்டது ஒரே கேள்வி. "இந்தக் கோயில் நிலத்துக்கு உங்களிடம் என்ன பட்டா இருக்கிறது?" பட்டா இல்லை. பழைய நிர்வாகம் கொடுத்த அனுமதிக் கடிதமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. "அந்தக் காலத்துத் துரை வாயால் சொன்னார்" என்றார்கள் பெரியவர்கள். அந்தத் துரையோ கப்பலேறிப் போய் முப்பது ஆண்டுகள். முடிவில் அம்மன் சிலையையும் சூலத்தையும் மணியையும் லாரியில் ஏற்றி வேறோர் ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். என் தாயார் அந்த லாரியின் பின்னாலேயே சாலை முனை வரை நடந்தார். இன்று அந்த இடத்தில் வரிசை வீடுகள் நிற்கின்றன.

ஒரு கடிதம் இருந்திருந்தால் கோயில் கட்டாயம் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேசுவதற்கு ஒரு பிடி இருந்திருக்கும். மூன்று தலைமுறை கொடுத்த காசுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.

போற்றும் நாடு கற்றுத்தந்த பாடம்

இந்த நினைவோடுதான் நான் தஞ்சைக்குச் சென்றேன். எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். அடித்தளம் முழுவதும் எழுத்து! 1010ஆம் ஆண்டு நிறைவெய்திய அக்கோயிலில், தான் கொடுத்தது, தன் தமக்கையார் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது அனைத்தையும் கல்லில் வெட்டும்படி இராசராச சோழன் ஆணையிட்டான். "மற்றவர் கொடுத்தது" என்பதைக் கவனியுங்கள். அரசன் கொடை வெட்டப்பட்ட அதே கல்லில் மற்றவர் கொடைக்கும் இடம் கிடைத்தது.

பொன் நகைகளை "ஆடவல்லான்" என்று இறைவன் பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து எழுதினார்கள். செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழத்திலும் விரலிலும் அளந்து எழுதினார்கள். கோயிற்பணிக்கு வந்த 400 ஆடல் மகளிரின் பெயர்களையும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதையும் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு மலாக்காவிலிருந்து போன ஓர் ஆசிரியன் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சோழரின் கடற்படை 1025ஆம் ஆண்டில் கடாரம் வரை வந்ததைப் பேசி மகிழ்வோர் உண்டு. எனக்கு அந்தப் படையைவிட இந்தக் கணக்கு பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு செய்தி, நம் அறநிறுவனத்துக்கென்றே சொன்னது போல இருக்கிறது. நந்தா விளக்கு ஒன்று எரிய 96 ஆடுகளை ஒப்படைப்பது தஞ்சைக் கோயிலின் வழக்கம். ஆடுகளைப் பெற்ற இடையர் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்பீர்கள். செத்தால் குட்டியைக் கொண்டு ஈடுசெய்து, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். அதனால்தான் இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் "சாவா மூவாப் பேராடு" என்று சொல்கின்றன. சாகவும் சாகாது, மூக்கவும் மூக்காது! நாம் இன்று வைப்புநிதி என்று சொல்கிறோமே, அதன் இலக்கணம் இதுதான். நெய்யை எடுக்கலாம், ஆட்டைத் தொடக்கூடாது. வட்டியில் விளக்கேற்றலாம், பிள்ளைகளுக்குப் படிப்புதவி தரலாம். முதலில் கை வைக்கக் கூடாது.

தஞ்சையிலிருந்து உத்திரமேரூர் சென்றேன். காஞ்சிபுரம் பக்கத்து ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு குடவோலை முறையில் ஆள் எடுத்த விதிகளை அவை சொல்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னுக்குப் பொன் வாரியம். இன்றைய கண்ணால் பார்த்தால் அந்த விதிகளில் குறை உண்டு. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விதி என்னைத் திடுக்கிட வைத்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது! ஆலய நிர்வாகக் குழுவில் இருக்கும் நாம் அனைவரும் ஒருமுறை அந்தச் சுவரின் முன் நின்றுவிட்டு வருவது நல்லது.

திரும்பும் வழியில் நாகப்பட்டினம். என் தாத்தாவைப் போன்ற எத்தனையோ பேர் கப்பலேறிய துறைமுகம். அந்த ஊரில் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசர் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழன் தானமாகக் கொடுத்தான். அந்தத் தானத்தை அவன் மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தினான். சைவ மன்னன், பௌத்த விகாரம், நம் வட்டாரத்து அரசன். ஆயினும் எல்லை உட்பட அனைத்தும் எழுத்தில்! தந்தையின் வாக்கை மகன் செப்பேடாக்கினான். துரையின் வாக்கு நமக்குக் காற்றோடு போயிற்று.

நம்மாலும் முடியும்

இதெல்லாம் மன்னர்களுக்கு முடியும், தோட்டத்து மக்களுக்கு முடியுமா என்று சிலர் கேட்கலாம். முடியும் என்று நம் நாட்டிலேயே காட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வீடும் வேலையும் இழந்து நின்றபோது, 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் திரட்டினார். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் மரம் சீவிய கைகளின் சிறு காசு நிலமாக மாறியது. காரணம், அந்தக் காசுக்கு ரசீது இருந்தது, பெயர் இருந்தது, பங்கு இருந்தது.

ஆகவே இந்த விழாவில் நான் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, நம் ஒவ்வோர் ஆலயமும் நிலப் பட்டா, அனுமதிக் கடிதம், சங்கப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை மூன்று இடங்களில் வைக்கட்டும். பட்டா இல்லாத ஆலயங்கள் அதற்கான முயற்சியை இந்த ஆண்டே தொடங்கட்டும். நிலம் விற்பனைக்கு வந்த பின் ஓடுவதில் பயனில்லை.

இரண்டாவது, கொடை ஏட்டில் ஆயிரம் வெள்ளி கொடுத்தவருக்கும் ஐந்து வெள்ளி கொடுத்த பாட்டிக்கும் ஒரே அளவு வரி கிடைக்கட்டும்.

மூன்றாவது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கை வாய்விட்டுப் படிப்போம். கேள்வி கேட்பவரைக் குழப்பக்காரர் என்று சொல்லாதிருப்போம்.

நான்காவது, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய திருவிழா அழைப்பிதழ், ரசீது, கும்பாபிஷேகப் படம் ஏதேனும் இருந்தால் நம் அறநிறுவனத்திடம் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம். இளைஞர்கள் தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடம் அமர்ந்து, எந்தத் தோட்டத்தில் எந்தக் கோயில் இருந்தது, யார் பூசை செய்தார், யார் கரகம் எடுத்தார் என்று கேட்டு எழுதட்டும். அந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

இந்தியாவிலிருந்து நாம் சிலை வரவழைக்கிறோம், சிற்பிகளை வரவழைக்கிறோம், பட்டும் மாலையும் வரவழைக்கிறோம். அனைத்தும் நல்லதே. அவற்றோடு அந்தக் கணக்கெழுதும் பழக்கத்தையும் வரவழைப்போம். அதற்குச் சுங்கவரி கிடையாது. போற்றும் நாட்டிலிருந்து கற்றதைப் பிறந்த ஊரில் நட்டுவைத்தால், என் தாயார் நடந்ததுபோல் இன்னொரு தாய் ஒரு லாரியின் பின்னால் நடக்க வேண்டிய நாள் வராது என்று நம்புகிறேன்.

கொடுத்த கைகள் வாழ்க. கொடுத்ததைக் காக்கும் கைகளும் வாழ்க. மாரியம்மன் அருளும் பொய்யாத விநாயகர் அருளும் உங்கள் குடும்பங்களுக்கு நிறைவாகக் கிடைக்கட்டும்.

மணி அடிக்கும் முன் விடைபெறுகிறேன்.