பாட்டுக்கு உரியவர் யார்?

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றியதும் தோட்டங்களிலே காமன் கம்பம் ஊன்றப்படுவது வழக்கம். நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் மட்டுமன்றி, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலும் தேயிலையும் இறப்பரும் கலந்து வளரும் சப்ரகமுவத் தோட்டங்களிலும் இவ்வழக்கம் உண்டு. தப்பு முழங்க, இரதியும் மதனும் வேடம் புனைந்து வர, லயத்து முற்றம் இரவு முழுவதும் விழித்திருக்கும். கூத்தை ஆட்டுவிக்கும் வாத்தியாரின் கையில் பழைய கொப்பி ஒன்று இருக்கும். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, பென்சிலாலும் பேனாவாலும் பல கைகள் எழுதிய கொப்பி அது. வாத்தியார் தம் குருவினுடைய கொப்பியைப் பார்த்து எழுதியிருப்பார். குருவும் தமக்கு முந்தியவருடையதைப் பார்த்து எழுதியிருப்பார். நடுவிலே ஒருவர் இரதியின் புலம்பலில் நான்கு அடிகளைச் சேர்த்திருப்பார். மற்றொருவர் இரண்டு அடிகளை நீக்கியிருப்பார்.

இவ்வாறு பார்த்து எழுதுவதைக் களவு என்று எந்தத் தோட்டத்திலும் எவரும் சொன்னதில்லை. சொல்வதற்கு நியாயமும் இல்லை. எடுத்தவரும் கொடுத்தவரும் ஒரே லயத்தில் வாழ்பவர்கள். இன்ன பாட்டு இன்ன வாத்தியார் கட்டியது என்பது கொப்பியில் எழுதப்படாவிட்டாலும் பெரியவர்களின் நாவிலே நிற்கும். புதிதாக வந்த ஒருவர் அதைத் தாம் கட்டியதாகச் சொல்லிக்கொள்ள முற்பட்டால், முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் கிழவி ஒருத்தியே அவரைத் திருத்திவிடுவாள். அத்தகைய கிழவி இல்லாத இடத்துக்குப் பாட்டு போய்ச் சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இக்காலத்தில் அந்த இடம் தொலைவிலே இல்லை. சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. தெகியோவிட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் இளைஞன் படம் வரைகிறான் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் இறப்பர் மரத்தின் பட்டையைக் கீறி, சிரட்டையில் பால் ஏந்தும் தன் தாயையே வரைகிறான். மூலையில் சிறிய எழுத்தில் தன் பெயரை இட்டு, நண்பர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் வெளியிடுகிறான். எவரோ ஒருவர் படத்தின் மூலையை வெட்டிவிட்டுத் தம் பக்கத்தில் இடுகிறார். அடுத்தவர் அதன்மேல் தம் பெயரையே பொறித்து விடுகிறார். மாதம் ஒன்று செல்வதற்குள் அப்படம் ஒரு நாட்காட்டியிலோ சட்டையிலோ விலைக்கு வருகிறது. இளைஞன் எழுந்து, "இது என்னுடையது" என்றால், "அதற்குச் சான்று என்ன?" என்று அவனையே கேட்கிறார்கள். உலகெங்கும் இணையத்தில் ஓவியம் பயிலும் இளையோர் நாள்தோறும் முறையிடும் குறை இதுவே.

ஒரு படம் போனால் வேறொன்று வரையலாமே என்று சிலர் இலேசாகச் சொல்லக்கூடும். படத்தைத் தேடிக்கொண்டு வருபவர் வரைந்தவனைத் தேடி வருவதற்கு அந்தப் பெயர் ஒன்றுதான் வழி என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பெயர் அழிந்தால் அடுத்த வேலை வேறொருவரின் வாசலுக்குப் போகிறது. கொழும்பிலே பழக்கமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இழப்பைச் சரிக்கட்ட நான்கு வழிகள் இருக்கும். லயத்துப் பிள்ளைக்கு இருப்பது அந்தக் கையெழுத்து ஒன்றே.

தோட்டத்து மக்களின் பெயர் தவறாமல் எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது செக்றோல். எத்தனை இறாத்தல் கொழுந்து, எவ்வளவு பால், எத்தனை கிலோ ஒட்டுப்பால் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கணக்கப்பிள்ளை எழுதிவந்தார். பெயரை அவர் பிழையாக எழுதிய காலமும் உண்டு; அது வேறு கதை. உழைப்பை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட ஏடுகளில், அதே கை கட்டிய பாட்டுக்கும், அதே வாய் சொன்ன ஒப்பாரிக்கும் பத்தி ஒதுக்கப்படவில்லை.

வெளியார் அந்தப் பாட்டைக் கவனிக்கவில்லை என்று கூறிவிடவும் முடியாது. கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1869ஆம் ஆண்டில், ஆபிரகாம் ஜோசப் என்பார் "கோப்பிக் கிருஷிக் கும்மி" என்ற நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். அவர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை செய்தவர். பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மி மெட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளை அவர் சொன்னார். நூல் அவர் எழுதியது, பெயரும் அவருடையதே, அதிலே குற்றம் இல்லை. ஆயினும் மெட்டு யாருடையது என்று அக்காலத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இலங்கையில் கோப்பி இலைநோய் தலைகாட்டியதும் அதே 1869இல்தான். பின்னர் அந்நோயால் பயிரே போய்விட்டது.

இதற்கு நேர்மாறான நடத்தைக்குச் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைச் சொல்லலாம். கவிஞராகவும் நாவலாசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்து 1984இல் மறைந்த அவர், தோட்டந்தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த பாடல்கள் 1987இல் நூலாயின. நூலின் பெயர் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்." தொகுத்தவர் தொகுத்தவராகவே நின்றார். பாடல்களுக்கு உரியவர் எவர் என்பதை அட்டையிலேயே சொல்லிவிட்டார். அச்சிடும் வாய்ப்பு உள்ளவர் அவ்வாய்ப்பு இல்லாதவரிடம் காட்டவேண்டிய மரியாதை இவ்வளவுதான். இதற்குப் பெரும் செலவும் இல்லை.

அண்மைக் காலத்தில் உலகமே கேட்ட ஒரு பாட்டின் கதையையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். "என்ஜாய் எஞ்சாமி" என்ற அப்பாட்டு 2021 மார்ச் மாதத்தில் வெளிவந்தது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்ற இளங்கவிஞரும் பாடகி தீ அவர்களும் பாடினர். இசை சந்தோஷ் நாராயணன். யூடியூபில் மட்டும் ஐம்பது கோடி முறைக்கு மேல் அது கேட்கப்பட்டுள்ளது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகத்துக்குத் திரும்பி, அங்கும் நிலமற்றவராய் வாழ்ந்தவர். பாட்டியின் வாழ்க்கையும், அவர் வாயிலிருந்து கேட்ட சொற்களும், ஒப்பாரியின் சாயலும் அப்பாட்டில் உள்ளன. கொழுந்துக் கூடையைத் தோளில் சுமந்த ஒருத்தியின் பெயர் இத்தனை நாடுகளின் காதில் விழுந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

அப்பாட்டிலேயே பெயர்த் தகராறு எழுந்தது என்பதுதான் விந்தை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அப்பாட்டையும் மற்றொரு பாட்டையும் பாராட்டி அட்டைப்படம் வெளியிட்டது. இரண்டு பாட்டுகளிலும் சொற்கள் தந்த அறிவு அந்த அட்டையில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் அதைக் கண்டித்தனர். பின்னர் அறிவின் படத்தோடு வேறோர் அட்டையை அவ்விதழ் இணையத்தில் வெளியிட்டது. வெளிநாட்டு இசைக்கலைஞர் ஒருவர் அதே பாட்டை மாற்றி அமைத்தபோது, நியூயார்க் நகரத்து விளம்பரப் பலகையிலும் அறிவின் பெயர் விடுபட்டது. 2022 ஜூலை 28ஆந் திகதி சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழா நடைபெற்றபோது பாட்டு அறிவு இல்லாமலே மேடையேறியது. சில நாட்களில் அறிவு ஓர் அறிக்கை விடுத்தார். அப்பாட்டைக் கட்டியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்றும், எவரும் தமக்கு மெட்டோ சொல்லோ எடுத்துத் தரவில்லை என்றும் அவர் கூறினார். இசையமைத்து ஒழுங்குபடுத்தியவர் தாம் என்றும், அது மூவரின் கூட்டு முயற்சி என்றும், வருவாய் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் மறுமொழி தந்தார். விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்ற விளக்கமும் தரப்பட்டது.

யார் பக்கம் நியாயம் அதிகம் என்று தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் வேலை அன்று. சொல்லும் மெட்டும் இசையும் ஒன்றாய்க் கலந்த படைப்பிலே பங்கைப் பிரிப்பது எவருக்கும் எளிதன்று. அதைக் களவு என்று சொல்வதும் முறையாகாது. கவனிக்கத்தக்கது வேறு. அட்டை, பலகை, மேடை ஆகிய மூன்று இடங்களிலும் விடுபட்ட ஆள் ஒருவரே. அவர் தோட்டத்துப் பாட்டியின் பேரன். 2024இல் சந்தோஷ் நாராயணனே வெளிவந்து, பாட்டின் வருவாயில் தங்கள் மூவருக்கும் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று கூறினார். அவர் கூற்றின்படி, தம்முள் முரண்பட்டு நின்றவர்கள் எல்லோருமே பெட்டிக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

சப்ரகமுவத் தோட்டங்களில் அப்பாட்டைக் கேட்கும் முதியவர்கள் அதை வேறு விதமாகக் கேட்பார்கள். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். கப்பல் ஏறியவர்கள் தகரப் பெட்டியில் துணியையும் பாத்திரத்தையும் எடுத்துச் சென்றார்கள். பாட்டு பெட்டியில் அடங்காது; அது வாயிலே சென்றது. நீலகிரியிலும் அரக்கோணத்திலும் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். இங்கே தங்கியவர்களுக்கோ 1977இலும் 1981 ஆகஸ்டிலும் வன்செயல் வந்தது. இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்களும் கடைகளும் எரிந்தன. உடுத்த துணியோடு பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். எரிந்த வீடுகளுக்கும் இழந்த பொருள்களுக்கும் பட்டியல் எழுதியவர்கள் உண்டு. சாம்பலான கூத்துக் கொப்பிகள் எந்தப் பட்டியலிலாவது இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே. எழுத்து ஒழிந்த பின் ஒரு பாட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு ஆளும் இல்லை, காட்டுவதற்கு ஏடும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படமோ பாட்டோ ஆக்கப்பட்ட கணத்திலேயே ஆக்கியவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தம் பெயரைக் குறிப்பிடச் செய்யும் உரிமையும், தம் படைப்பைச் சிதைப்பதை மறுக்கும் உரிமையும் தனியாகவே அவருக்கு உண்டு. உரிமை வாழ்நாள் முழுவதும் நின்று, மறைந்தபின் மேலும் 70 ஆண்டுகள் தொடர்கிறது. தெகியோவிட்டை இளைஞனுக்கும் இது பொருந்தும். கொழும்பு ஓவியருக்குரிய உரிமையில் அணுவளவும் குறையாமல் பொருந்தும்.

யார் கட்டியது என்று அறியமுடியாத காமன் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது. வழிவழி வந்த நாட்டார் கலைகளை, அவற்றின் மரபான சூழலுக்கு வெளியே, வாணிக நோக்கத்தோடு பயன்படுத்துவோர் இசைவு பெறவேண்டும். எந்தச் சமூகத்திடமிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து அது பெறப்பட்டதோ அதனைக் குறிப்பிடவும் வேண்டும். ஆனால் இசைவு வழங்கும் அதிகாரம், அமைச்சர் நியமிக்கும் ஓர் அதிகாரியிடம் உள்ளது. அந்த லயத்திடம் இல்லை. வரும் பணமும் பண்பாட்டு வளர்ச்சிக்கென்று பொதுவாகச் செல்வது. பாடியவளின் வீட்டுக் கூரைத் தகரத்தை அது மாற்றாது. இந்தக் குறையைச் சட்டம் இயற்றுவோர் சிந்திக்கவேண்டும்.

வழக்கு மன்றத்துக்குப் போகும் வசதி தோட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆதலால் மன்றத்துக்கு முன்பே செய்யவேண்டிய வேலைதான் பெரிது. வரைபவர் பெயரை மூலையில் இடாமல், வெட்டினால் படமே கெடும் இடத்தில் இடலாம். முதலில் வரைந்த கோட்டுப்படத்தைத் திகதியோடு பத்திரப்படுத்தலாம். படத்தைப் பிறருக்கு அனுப்புபவர் வரைந்தவர் பெயரையும் சேர்த்தே அனுப்பலாம். அதற்கு அரை நிமிடம் போதும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு சினிமாப் பாட்டைப் போடும் முன் படம், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே அறிவிப்பில் தோட்டத்துப் பாட்டு வந்தபோது "நாட்டுப் பாடல்" என்ற ஒரு சொல்லோடு முடிந்ததும் நினைவிருக்கும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் மனம்வைத்தால் இன்னும் ஒன்று செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கொப்பியைக் கொடுத்து, வீட்டிலுள்ள பாட்டியோ அம்மாயியோ பாடும் பாட்டை எழுதிவரச் சொல்லலாம். பாட்டை எழுதும் முன் பக்கத்தின் தலைப்பில் பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், லயத்து இலக்கம், கேட்டு எழுதிய திகதி ஆகியவற்றை எழுதவேண்டும். "யாரிடம் கற்றீர்கள், அம்மாயி?" என்று கேட்டு, அந்தப் பெயரையும் அதன் கீழே எழுதவேண்டும். அம்மாயி சற்று யோசிப்பாள். பிறகு, தன் தாயின் பெயரையோ, 1970களில் கப்பலேறிப் போன தன் அக்காளின் பெயரையோ சொல்வாள்.