பதினேழு பேர் புகட்டிய பாடம்

(சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பயிர் செழித்துவிட்டதென்று வேலியைப் பிரிப்பவனின் தோட்டத்தில் மாடு மேயும். இந்நாட்டின் மலேரியா வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.

1934 இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிற் பெருகிய நுளம்புகள் பரப்பிய மலேரியா, 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. 1946 தொடக்கம் வீடு வீடாக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் நோயுற்றோர் 17 பேர் மட்டுமே! பகை ஒழிந்ததென்று மகிழ்ந்தோம், மருந்தடிப்பை நிறுத்தினோம், காவலைத் தளர்த்தினோம். விளைவு யாது? 1969 இல் மட்டும் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

மீண்டும் பல்லாண்டு பாடுபட்டோம். போர்க்காலத்திலும் சுகாதார ஊழியர்கள் ஊர் ஊராய்ச் சென்று இரத்தம் பரிசோதித்தனர். 2012 இன் பின் உள்நாட்டிலேயே தொற்றும் மலேரியா அற்றுப்போயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியாவற்ற நாடென அறிவித்தது.

ஆனால், அவ்வாண்டு டிசெம்பரிலேயே மன்னாரில் புதிய நுளம்பொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடியது. இதுவோ கிணற்றையும் நீர்த்தொட்டியையும் நாடுகின்றது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணறன்றோ நம் உயிர்!

நுளம்பு வந்துவிட்டது, நோய்க்கிருமி பிறநாடு சென்று திரும்புவோரின் இரத்தத்தில் வரலாம். இரண்டும் சந்திக்க இடங்கொடாமையே நம் கடமை. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், பயணத்தை மறைக்காது கூறி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். வைத்தியர்களும் அதனைக் கேட்டறிய வேண்டும். நீர்த்தாங்கிகளை இறுக மூடுவோம். பாவனையற்ற கிணறுகளுக்கு வலையிடுவோம். அல்லது குடம்பிகளை உண்ணும் சிறுமீன்களை விடுவோம். உரியவர் புலம்பெயர்ந்து சென்ற வளவுகளில் பாழடைந்த கிணறுகள் எத்தனை! அவற்றைப் பிரதேச சபைகள் வட்டாரம் வட்டாரமாகக் கணக்கெடுக்க வேண்டும்.

நம்மை நாமே ஆளும் உரிமையைக் கேட்கின்றோம், கேட்போம். அவ்வுரிமைக்கு நாம் தகுதியுடையோர் என்பதை ஊர்க்கிணற்றைக் காத்துக் காட்டுவோமாக! நோயாளர் ஒருவரும் இல்லாத நாளிலேயே காவல் மிகவும் தேவை. பதினேழு பேரை மறவாதிருப்போம்.