ஆங்கில வாக்கியங்களைப் பிணைக்கும் சொற்கள்



1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்புக்கு 1987ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று குறிப்பிடுகின்றது. மக்களை இணைக்கவென்று கொள்ளப்பட்ட அம்மொழி, தன்னுள்ளே ஒரு வாக்கியத்தை மற்றொரு வாக்கியத்தோடு எவ்வாறு இணைக்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஆங்கிலம் கற்கப் புகுவோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையுமே தேடித் தேடி மனனஞ் செய்கின்றனர். 'அன்ட்', 'பட்', 'பிகோஸ்', 'ஹவெவர்' முதலிய சிறு சொற்களை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. கிடுகுகள் எத்துணை நன்றாகப் பின்னப்பட்டிருப்பினும், கட்டுங் கயிறு இல்லையேல் வேலி நில்லாது. மொழியிலும் அவ்வாறே.

முதலில் நம் மொழியின் இயல்பை நோக்குவோம். "பையன் எழுந்து, முகங் கழுவி, தேநீர் அருந்திப் பாடசாலைக்குப் போனான்" என்கின்றோம். இங்கே முற்றுவினை ஒன்றே, ஏனையவை வினையெச்சங்கள். ஆங்கிலத்திலே இதனைச் சொல்பவர் நான்கு வினைகளையும் முற்றாகவே அடுக்கி, இறுதி வினைக்கு முன் 'அன்ட்' என்பதை வைப்பர். "மழை பெய்ததால்", "மழை பெய்தால்", "மழை பெய்தாலும்" என்று வினையின் ஈற்றிலே நாம் முடிச்சிடுகின்றோம். ஆங்கிலேயரோ 'பிகோஸ்', 'இஃப்', 'ஓல்தோ' என்னுஞ் சொற்களை வாக்கியத்தின் தலையிலே வைக்கின்றனர். நம் முடிச்சு வாலிலே. அவர்தம் முடிச்சு தலையிலே. இவ்வொரு வேற்றுமையை உணர்ந்தவர்க்குப் பல இடர்ப்பாடுகள் தாமே நீங்கும்.

ஆங்கிலத்தின் பிணைப்புச் சொற்களை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதற் குடும்பம் 'அன்ட்', 'பட்', 'ஓர்' போன்றவை. இவை சமமான இரு வாக்கியங்களைத் தோளோடு தோள் நிறுத்துவன; ஒன்று மற்றொன்றுக்கு அடங்கியதன்று. நாள்தோறும் ஆங்கிலம் பேசுவோர் வாயில் மிகுதியாக வழங்குவன இவையே.

இரண்டாங் குடும்பம் 'பிகோஸ்', 'இஃப்', 'வென்', 'ஓல்தோ', 'அன்லெஸ்' போன்றவை. இவற்றைத் தலையிலே தாங்கிய வாக்கியம் தனித்து நில்லாது. மற்றொரு வாக்கியத்தைச் சார்ந்தே நிற்கும். ஆயினும், அது முன்னும் வரலாம், பின்னும் வரலாம். "மழை பெய்தமையால் நான் வரவில்லை" என்னும் பொருளைச் சொல்லும்போது, 'பிகோஸ்' என்று தொடங்கும் பகுதியை முதலிலும் வைக்கலாம், இறுதியிலும் வைக்கலாம். 'பட்' என்று தொடங்கும் பகுதியையோ அங்ஙனம் முன்னே கொணர இயலாது.

மூன்றாங் குடும்பம் 'ஹவெவர்', 'தெயர்ஃபோர்', 'அதர்வைஸ்' முதலியன. பொருளால் இவை இணைப்புச் சொற்களைப் போலத் தோன்றினும் இலக்கணத்தால் வினையடைகளே. 'பட்' என்பது தன் வாக்கியத்தின் தலையை விட்டு அசையாது. 'ஹவெவர்' தலையிலும் இடையிலும் கடையிலும் நிற்கும். இங்ஙனம் இடம்பெயர வல்லது இரு வாக்கியங்களைக் கட்டும் ஆற்றல் உடையதன்று. ஆதலால், அதற்கு முன்னுள்ள வாக்கியத்தை முற்றுப்புள்ளியாலோ அரைப்புள்ளியாலோ முடித்தல் வேண்டும். காற்புள்ளி மட்டும் இட்டு 'ஹவெவர்' என்று தொடங்கிப் புதிய வாக்கியம் எழுதுவது பரீட்சை விடைகளிலே அடிக்கடி காணப்படும் பிழையாகும். வானொலியிலே புள்ளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால், ஆங்கிலச் செய்தி வாசிப்போர் அவ்விடத்தில் மூச்சை நிறுத்துவதைச் செவி கொடுத்துக் கேளுங்கள். அந்த மௌனமே புள்ளியின் ஒலி.

இனி, நம் மாணவர் பெரிதும் செய்யும் மற்றொரு பிழை இரட்டை முடிச்சு. 'ஓல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவிலே 'பட்' என்பதையும், 'பிகோஸ்' என்று தொடங்கியதன் நடுவிலே 'ஸோ' என்பதையும் சேர்த்து எழுதுகின்றனர். இஃது ஏன்? "மழை பெய்தாலும் அவன் வந்தான்" என்னும்போது நம் முடிச்சு இரு பகுதிகளுக்கும் நடுவே விழுகின்றது. ஆங்கிலத்திலே முடிச்சு தொடக்கத்திலேயே இடப்பட்டுவிடுவதால், நடுவிடம் நம் செவிக்கு வெறுமையாகத் தோன்றுகின்றது. அவ்வெறுமையை நிரப்பவே மற்றொரு சொல்லைச் செருகுகின்றோம் என்பது வகுப்பறையில் யான் கண்டது. காரணத்தை எடுத்துக் கூறிய பின் மாணவர் அப்பிழையைத் தாமே திருத்திக்கொள்வர். வெறுமனே சிவப்பு மையால் கோடிடுவதால் விளையும் பயன் சிறிதே.

இவையெல்லாம் வகுப்பறைக்கு மட்டும் உரிய செய்திகள் என்று எண்ணற்க. ஆங்கிலத்தில் அறிவித்தல் ஒன்று வருகின்றது. மார்ச் 31ஆந் திகதிக்கு முன் கட்டணம் செலுத்தினாலொழிய அநுமதிப்பத்திரம் நீக்கப்படும் என்பது அதன் கருத்து. அங்கே வரும் 'அன்லெஸ்' என்னுஞ் சொல்லை 'இஃப்' என்று மயங்கிப் படிப்பவர், பணஞ் செலுத்தினால் அநுமதி போய்விடும் என்று எண்ணிச் செலுத்தாதிருப்பர். ஒரு சிறு சொல்லைத் தவறாகப் படித்தமையால் ஒரு குடும்பத்தின் தொழிலே கெடலாம். அச்சொல்லினுள்ளே எதிர்மறை உறைகின்றது. நம் 'ஒழிய' என்பதும் அத்தகையதே. ஆகவே, அதனோடு 'நொட்' என்பதையுஞ் சேர்த்து எழுதினால் பொருள் தலைகீழாகும்.

இன்னொரு பொறி 'நொட்', 'பிகோஸ்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது. "கோபங் கொண்டமையால் அவன் போகவில்லை" என்பது ஒரு பொருள். "அவன் போனது கோபத்தினாலன்று" என்பது மற்றொரு பொருள். முன்னதில் அவன் போகவில்லை, பின்னதில் போயிருக்கின்றான். தமிழிலே இவ்விரண்டும் வெவ்வேறு தொடர்கள். ஆங்கிலத்திலோ ஒரே தொடர் இரு பொருளுக்கும் இடந்தரும். முறைப்பாட்டிலோ சாட்சியத்திலோ இத்தகைய ஐயத்துக்கு இடம் வைத்தல் தகாது. முதற் பொருளே கருத்தாயின், காரணப் பகுதியை முன்னே வைத்தால் ஐயம் நீங்கும்.

இச்சொற்களின் பிறப்பை அறிதலும் நினைவுக்குத் துணை செய்யும். 'பட்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'வெளியே', 'இல்லாமல்' என்னும் பொருள் தந்த சொல்லிலிருந்து வந்தது. 'பிகோஸ்' என்பதிலே 'காரணம்' என்னும் பெயர்ச்சொல் மறைந்திருக்கின்றது. நம் தொல்காப்பியரும் இத்தகைய சிறு சொற்களை எளியனவென்று ஒதுக்கினாரல்லர். இடையியல் என்று ஓர் இயலையே வகுத்து, 'உம்' என்னும் ஒன்றற்கே எட்டுப் பொருள் கூறினார்.

முடிவாக, மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பயிற்சி. "மழை பெய்தது", "அவன் வந்தான்" போன்ற இரு சிறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுங்கள். அவற்றை ஒரு முறை 'பட்' கொண்டும், ஒரு முறை 'ஓல்தோ' கொண்டும், ஒரு முறை 'ஹவெவர்' கொண்டும் இணைத்துப் பாருங்கள். எங்கே புள்ளி வருகின்றது, எப்பகுதி இடம் மாறுகின்றது என்பவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். நூறு புதுச் சொற்களை மனனஞ் செய்வதினும், அறிந்த சொற்களைப் பிழையின்றிப் பிணைக்கக் கற்றல் மேலான பயன் தரும்.